பால் ஆகாத பிள்ளைகள்

முனீராவின் விண்ணப்பத்தை மூன்றாவது முறையாகவும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு மின்னஞ்சல் வந்தது. மிகுந்த மரியாதையோடு அது ஆரம்பித்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. பதினான்கு வருடமாக இந்த மரியாதையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆராய்ச்சி தரமானது, முக்கியமானது, ஆனால் நோயாளிகள் எண்ணிக்கை போதாதாம். ஒன்பது குடும்பம்தானே இருக்கிறது என்கிறார்கள். அபூர்வ நோய் என்றால் அபூர்வமாகத்தானே இருக்கும்? வாரத்துக்குப் பத்துப் பேர் வரிசையில் வந்து நிற்க அது என்ன சளியா, காய்ச்சலா?

துறைத் தலைவர் திலீப் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் கெட்ட செய்தி சொல்ல வரும்போது கையில் காப்பியோடுதான் வருவார்கள். அவரும் அப்படித்தான் வந்தார். வருடக் கடைசிக்குள் அவளுடைய உறைபெட்டியில் பாதியைப் புற்றுநோய்க்காரர்களுக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பக்குவமாகச் சொன்னார். முனீரா காப்பியை வாங்கி மேசையில் வைத்தாள், குடிக்கவில்லை. ஒன்பது வீட்டுப் பிள்ளைகளின் ரத்தம் அந்தப் பெட்டியில் இருந்தது. அதில் நான்கு பிள்ளைகள் இப்போது உயிரோடு இல்லை.

அவள் ஆராய்ந்த நோயைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நாம் சாப்பிடும் சீனியில் பாதி பழச்சர்க்கரை. தேனிலும் பழத்திலும் அது தாராளமாக இருக்கிறது. அதைச் செரிக்க ஈரலில் ஒரு நொதி வேண்டும். தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் பழுதான மரபணு வந்து சேர்ந்துவிட்டால் பிள்ளைக்கு அந்த நொதி இருக்காது. இனிப்பு உள்ளே போனால் வாந்தி, துவண்டு போதல், மஞ்சள் காமாலை, அப்புறம் ஈரலே கெட்டுவிடும். இனிப்பையே காட்டாமல் வளர்த்தால் பிள்ளை ஜம்மென்று வளர்ந்து கல்யாணமும் கட்டிக்கொள்ளும். தாய்ப்பாலில் பழச்சர்க்கரை கிடையாது. அதனால் பால் குடிக்கும் மட்டும் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

முனீராவின் பிள்ளைகள் அந்தப் பாடப்புத்தகத்துக்கு அடங்கவில்லை. ஒன்பது வீடும் சிங்கப்பூர்த் தமிழ் வீடுகள், சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் தொடாத மூன்று மாத, நான்கு மாதப் பிள்ளைகள் அங்கே நோயில் விழுந்தன. வீடு வீடாகப் போய்க் கேட்டாள். பால் மட்டும்தான் என்று ஒன்பது தாய்மாரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். அப்படியானால் இது உலகத்துக்குத் தெரியாத புது வகை, தாய்ப்பாலே ஆகாத வகை என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதினாள். அவள் பெயர் வெளியே தெரிந்தது அந்த ஒரு கட்டுரையால்தான்.

அச்சுக்குப் போகுமுன் அதைப் படித்துப் பார்த்த முகம் தெரியாத ஒரு நிபுணர், மறைவாக வேறு வழியில் இனிப்பு போயிருக்காது என்பது நிச்சயமா என்று ஒரு வரி கேட்டிருந்தார். முனீராவுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. கேள்வித்தாளைத் தமிழிலேயே தயாரித்தவள் நான், இந்தச் சமூகத்தில் பிறந்தவள் நான், பிள்ளை பெற்று வளர்த்தவளும் நான், அதற்கு வாய்ப்பே இல்லை என்று பதில் எழுதினாள். அந்த ஆள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

மின்னஞ்சல் வந்த அதே புதன்கிழமை சாயங்காலம் உட்லண்ட்ஸிலிருந்து நசீர் கூப்பிட்டான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவன் மனைவி மர்யம் அவனுக்கு மாமன் மகள். முதல் பிள்ளை அதீஃப் நாலு வருடத்துக்கு முன்னால் ஐந்தாம் மாதத்தில் இறந்துபோனான். முனீராவின் ஒன்பதாவது குடும்பம் அவர்கள்தான். இப்போது இரண்டாவது பெண் குழந்தை, இனாயா, மூன்றரை மாதம். பிறந்த மூன்றாம் நாளே எடுத்த ரத்தத்தில் இவளுக்கும் அதே பழுது என்று மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் முனீராவின் கட்டுரையைப் பார்த்துத்தான் தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார்கள். ஆகாத இனிப்புகளின் பட்டியலைச் சோறு ஊட்ட ஆரம்பிக்கும்போது தரலாம் என்று விட்டுவிட்டார்கள். மர்யமுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் மல்லிகை வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டி, மாத்திரை போட்டு, ஒரு வாரம் அழுது பாலை வற்ற வைத்தாள். குழந்தைக்கு இனிப்பே சேராத விசேஷ மாவுப்பால் வந்தது. அப்படியும் பிள்ளை தேறவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தால் சிரிக்கிறது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் வாந்தி எடுத்துத் துவள்கிறது. இது மூன்றாவது தடவை என்று நசீர் சொன்னான். அடுத்த தடவை ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

சனிக்கிழமை முனீரா பிடோக்கிலிருந்து கிளம்பினாள். அவள் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர். அந்த வித்தியாசத்தை எத்தனையோ வீட்டில் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டாள். மாவுப்பால், குழாய்த் தண்ணீர், புட்டி கழுவும் சோப்பு என்று எதில் கோளாறு இருந்தாலும் பிடித்துவிடுவது என்று பனிக்கட்டிப் பையும் சின்னக் குப்பிகளும் எடுத்துக்கொண்டாள். கணவர் அன்வர், பணம் தராத ஆராய்ச்சிக்குச் சனிக்கிழமையும் போகணுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனாலேயே அவளுக்குக் கோபம் வந்தது. ரயிலில் ஒன்றேகால் மணி நேரமும் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஏழாவது மாடி நடைபாதையில் நின்றால் மலேசிய எல்லையில் இருக்கும் ஜொகூர்ப் பாலத்துக்குப் போகும் வண்டிகள் அசையாமல் நிற்பது தெரியும். வேலைக்குப் புறப்பட்டு நின்ற நசீர் அவளை வாசலிலேயே மறித்துக் குரலைத் தாழ்த்தினான். அக்கா என்ற முறையில் அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"லாத்தா, ஒண்ணு கேக்கணும். நான் டூட்டிக்குப் போனப்புறம் இவ திருட்டுத்தனமா பால் குடுக்குறாளோன்னு உம்மா சொல்றாங்க. எனக்கும் டவுட்டா இருக்கு லா. நான் கேட்டா அழுவுறா. நீங்க கேளுங்க."

கேட்கத்தான் வேண்டும் என்று முனீராவும் நினைத்திருந்தாள். அவளுக்கும் அதே சந்தேகம். ஆஸ்பத்திரியில் தேறுவதும் வீட்டில் விழுவதும் வேறு எதனால்? தன் கட்டுரையைச் சந்தேகப்படுவதைவிட ஒரு தாயைச் சந்தேகப்படுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அப்போது அது அவளுக்கு உறைக்கவில்லை.

மர்யம் தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு இடம் செய்தாள். கேலாங் பக்கத்துக் கடை ஒன்றுக்கு பாஜு கூரோங் என்கிற மலாய் உடுப்பை மடித்துத் தைத்துக் கொடுக்கிற வேலை. முப்பது உருப்படி கட்டிலில் குவிந்து கிடந்தது. வந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் பேச விடமாட்டாள். தேங்காய்ப்பால் சோறும் கோழி ஆணமும் புளிச்சாறும் வைத்தாள். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடியது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் முனீரா நேராகவே கேட்டாள். மர்யம் தொட்டில் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"நீங்களுமா லாத்தா?" என்றாள். "பால் எங்க இருக்கு, நான் குடுக்கறதுக்கு? வத்திப்போயி ரெண்டரை மாசம் ஆச்சு. மாமி இவரோட சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் என்ன சொல்லிருக்காங்க தெரியுமா? மர்யம் பால் வெசம், மொதப் புள்ளய முழுங்குச்சு, ரெண்டாவதையும் முழுங்கப் பாக்குதுன்னு. ஒரு கல்யாண வீட்டுல, ஒருத்தி தன் கைப்புள்ளய நான் தூக்க வந்தப்ப குடுக்க மாட்டேன்னுட்டா. அதுக்கு மேல நான் திருட்டுத்தனமா குடுப்பனா?"

முனீராவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகக் கேள்வித்தாளை எடுத்தாள். படித்தவர்களுக்கு அது ஒரு வசதி. தாய்ப்பால் உண்டா, மாவுப்பால் என்ன, சர்க்கரை அல்லது தேன் சேர்த்த உணவு உண்டா, பழம் உண்டா, மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகள் என்னென்ன. நாலு வருடத்துக்கு முன்னால் இதே வீட்டில், இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதுதான். அன்றைக்குச் சொன்ன பதில்களையே மர்யம் ஒன்று விடாமல் இன்றும் சொன்னாள். எதுவும் இல்லை. பால் டின்னிலும் தண்ணீரிலும் சோப்பிலும் முனீரா சாம்பிள் எடுத்தாள். எடுக்கும்போதே இதெல்லாம் வீண் என்று அவள் மனம் சொல்லியது.

மூன்று மணிக்கு மர்யம் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் குப்புறப் போட்டு, வெந்நீரை அளவாக ஊற்றி, முதுகை நீவி, மூக்கைப் பிடித்துவிட்டு, துண்டில் பொதிந்து எடுத்தாள். கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது. சாம்பிராணிப் புகை காட்டியதும் வீடே பிள்ளை பெற்ற வீடாக மணத்தது. முனீரா பைகளைக் கட்டிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மகன் ரியாஸைக் குளிப்பாட்டியது ஞாபகம் வந்தது. ராணுவ சேவையில் இருக்கும் அவன் இப்போது அவளைவிட ஒரு முழம் உயரம்.

மர்யம் அடுக்களையிலிருந்து ஒரு தட்டு கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலக் கல், அவித்துக் காயவைத்த கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு, சுக்கு, ஒரு சின்னப் புட்டி. ஒவ்வொன்றையும் எடுத்துக் கல்லில் இத்தனை சுற்று என்று கணக்காக உரசினாள். முனீராவுக்கு அந்த வாசனை இதமாகக்கூட இருந்தது. எங்கே வாங்கினாய் என்று விசாரித்தாள். சிராங்கூன் ரோட்டு நாட்டு மருந்துக் கடையில் செட்டாகக் கட்டியே விற்கிறார்கள் என்றாள் மர்யம். பேசிக்கொண்டே தட்டிலிருந்த புட்டியைத் திறந்து கல்லின் மேல் சாய்த்தாள். பொன்னிறமாக, கெட்டியாக வழிந்தது.

முனீரா எழுந்தது அவளுக்கே தெரியாது. மர்யமின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

"இது என்ன மர்யம்?"

"தேன் லாத்தா. உரைமருந்து தேன்லதானே கொழைப்பாங்க. விடுங்க, வலிக்குது."

"தினமும் குடுக்குறியா?"

"குளிப்பாட்டுனதும் ஒரு வேளை. வாந்தி ஆரம்பிச்சதுலேருந்து ரெண்டு வேளை. வயித்துக்கு நல்லதாச்சே. மொதல்ல பால்ல ஒரசி, மேல ரெண்டு சொட்டு தேன் விடுவேன், அதீஃபுக்கும் அப்படித்தான். இப்ப பாலுதான் நிறுத்திட்டீங்களே, அதனால தேன்லயே ஒரசுறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? ஆஸ்பத்திரில ஏன் சொல்லல?"

மர்யம் அவளை விநோதமாகப் பார்த்தாள். "நீங்க என்ன பாலுன்னு கேட்டீங்க. தேன் போட்ட சாப்பாடு குடுத்தியான்னு கேட்டீங்க. நாலு மாசப் புள்ளைக்கு ஏது சாப்பாடு? டாக்டர் குடுத்த மருந்து கேட்டீங்க. எல்லாத்துக்கும் உள்ளதச் சொன்னேன். இத யாரும் கேக்கலையே லாத்தா."

முனீரா தேன் புட்டியை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். ரியாஸுக்கு ஒரு வருடம் இதே மருந்தை இதே மாதிரி தேனில் உரசி அவள் கையாலேயே கொடுத்திருக்கிறாள். பாலைத் தவிர என்ன கொடுக்கிறீர்கள் என்று அந்தக் காலத்தில் கிளினிக் நர்ஸ் கேட்டபோது ஒன்றுமில்லை என்றுதான் அவளும் சொன்னாள். பொய் சொல்லவில்லை. அது சாப்பாடும் இல்லை, மருந்தும் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வேலையில் ஒரு பகுதி. துண்டை எண்ணாத மாதிரி, சாம்பிராணியை எண்ணாத மாதிரி அதையும் யாரும் எண்ணுவதில்லை. கேள்வித்தாளை எழுதியபோது அவளும் எண்ணவில்லை. இந்தச் சமூகத்தில் பிறந்தவள் நான் என்று அந்த நிபுணருக்கு எழுதினாளே, அதனால்தான் எண்ணவில்லை.

விளக்கம் சொல்ல நேரமில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த கருவியில் பிள்ளையின் குதிகாலைக் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி இரண்டரைக்குக் கீழே நின்றது. இந்த மாதிரி சமயத்துக்கென்று அவர்களே தந்திருந்த குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டார்கள். அது இந்தப் பிள்ளைக்குச் சேரும் சர்க்கரை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் மர்யம் கல்லில் உரசிய விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க முனீரா தொலைபேசியில் உட்கார்ந்திருந்தாள். மற்ற எட்டுக் குடும்பத்தையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ஏழு வீட்டில் ஆமாம் என்றார்கள். ஒரு வீட்டில் தொலைபேசியை எடுக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவள் யாரையும் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு தகப்பனார் தானாகவே சொன்னார்: "அது மருந்து இல்லம்மா, அது வழக்கம்." அவருடைய பையன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்றார் அவர். அடுத்த வாரம் நேரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து முனீரா அழுதாள். அன்வர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை திலீப்பிடம் போய்ப் புது வகை நோய் எதுவும் கிடையாது, பழைய நோய்தான், கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்றாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். திரும்பப் பெறுவது என்பது பெரிய வார்த்தை என்றார். கூடுதல் விளக்கம் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும், கலாசாரக் காரணிகள் என்று சேர்த்துக்கொண்டால் அதற்கே தனியாக நிதி கேட்கலாம் என்றார். அவளுடைய நன்மைக்காகத்தான் சொன்னார். முனீரா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, என் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு பெண்ணின் பாலை வற்ற வைத்திருக்கிறார்கள், அதற்கு எந்தத் தலைப்பில் விளக்கம் எழுதுவது என்று கேட்டாள். திரும்பப் பெறும் கடிதத்தை அவள் அன்றைக்கே அனுப்பிவிட்டாள். பதினான்கு வருடத்தை முடித்துவைக்க நாற்பது நிமிடம் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வார்டுக்குப் போனாள். இனாயாவுக்கு ஈரல் அளவுகள் இறங்க ஆரம்பித்திருந்தன. இனிப்பைக் கண்ணில் காட்டாவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை முஷ்டியை வாயில் திணித்துச் சப்பிக்கொண்டு கிடந்தது. கட்டிலின் ஒரு பக்கம் மர்யம், மறுபக்கம் வேலைச் சட்டையோடு நசீர். இருவரும் பேசிக்கொள்கிற மாதிரி தெரியவில்லை. முனீரா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தேனில் என்ன இருக்கிறது, அது இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள்.

"அப்ப அதீஃபு?" என்று மர்யம் கேட்டாள்.

"அவனுக்கும் இதுதான்."

"நான்தான் குடுத்தேன். ரெண்டு வேளையும் நான்தான் குடுத்தேன்."

"நீ குடுத்த. உனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு உன்கிட்ட சொல்லவேண்டியது என் வேலை. அதீஃப் மௌத்தானப்ப வந்து உக்காந்து எல்லாம் கேட்டேன், இத மட்டும் கேக்கல. கேட்டிருந்தா இவ பொறந்தன்னிக்கே தேன் கூடாதுன்னு சொல்லிருப்பேன். மத்த வீட்டுப் புள்ளைங்களயும் பாத்திருக்கலாம். தப்பு என்னுது மர்யம்."

அவள் திட்டுவாள் என்று முனீரா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. மர்யம் திட்டவில்லை. ரொம்ப நேரம் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப என் பாலு?"

"உன் பால்ல ஒரு கொறையும் இல்ல. இவளுக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. இருக்குறதுலயே அதுதான் நல்ல சாப்பாடு. நான் தப்பா எழுதிட்டேன்."

நசீர் தலையைக் குனிந்துகொண்டான். மர்யம் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"எழுதிக் குடுங்க லாத்தா."

"எழுதிட்டேன் மர்யம். அந்தப் பத்திரிகைக்கு நேத்தே அனுப்பிட்டேன்."

"அத யாரு படிப்பா? எனக்கு எழுதிக் குடுங்க. தமிழ்ல. மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்க டாக்டர்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

தான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை என்று முனீரா இந்தத் தடவை சொல்லவில்லை. நர்ஸிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கிக் கட்டிலின் சாப்பாட்டுப் பலகையில் வைத்து எழுதினாள். மர்யமின் பாலில் எந்தக் குறையும் இல்லை. பிள்ளை நோயில் விழுந்தது பாலால் அல்ல. பாலால் என்று சொன்னது நான், சொன்னது தவறு. பெயர் எழுதி, பட்டம் எழுதி, தேதி போட்டாள். மர்யம் வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"புள்ளைன்னு சும்மா போட்டிருக்கீங்க. அதீஃப் பேரையும் போடுங்க."

முனீரா 'பிள்ளை' என்பதை அடித்துவிட்டு, அதீஃப், இனாயா என்று இரண்டு பெயரையும் மேலே எழுதினாள். மர்யம் மறுபடி படித்துப் பார்த்துத் தலையசைத்தாள். தாளை மடித்து வைத்துக்கொள்வாள் என்று பார்த்தால், கட்டிலின் மேலாக நசீரிடம் நீட்டினாள்.

"உங்க உம்மாவுக்குப் போன் போடுங்க. போட்டு நீங்களே வாசிச்சுக் காட்டுங்க."

நசீர் எழுந்து வெளியே போகப் பார்த்தான். இங்கேயே வைத்து வாசிக்கச் சொன்னாள் மர்யம். அவன் எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் அவன் உம்மா சம்சுன்னிசா எடுத்து, பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டது வார்டு முழுக்கக் கேட்டது. நசீர் தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தான். ஒரு வழியாகக் கையெழுத்து வரை வந்து சேர்ந்தான். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

"கேக்கல போல," என்றாள் மர்யம். "மொதல்லேருந்து வாசிங்க."